அந்த அம்பிளிஃபயரை எரித்தது நீ அல்ல

மகனே,

நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்கு, உன் கலியாணப் பலகாரம் சுட வந்திருந்த சனம் முழுவதற்கும் முன்னால், நம் அம்பிளிஃபயர் பாடியது. பதினைந்து வருடம் வாய் திறக்காமல் கிடந்த பெட்டி, நான்கு ஸ்பீக்கரிலும் ஒரே மட்டத்தில், இரைச்சல் இல்லாமல், சூடு ஏறாமல் பாடியது. உன் அம்மா தொலைபேசியில் உனக்குச் சொல்லியிருப்பாள். ஆனால் பாட்டைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருப்பாள். பாட்டை நிறுத்திவிட்டு நான் சொன்னதை நானே எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் பன்னிரண்டு நாளில் நீ தாலி கட்டிச் செங்கலடிக்குக் குடிபோகிறாய். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும். கொழும்பு அறையில் நின்றுகொண்டு, வங்கிக்குப் போகும் அவசரத்தில் வாசிக்காதே. ஞாயிற்றுக்கிழமை இருந்து வாசி.

இந்த வீடு தங்கச்சிக்கு. நீ போகிற வீடு உன் மனைவிக்கு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் ஆண்பிள்ளை பிறந்த வீட்டிலும் விருந்தாளி, புகுந்த வீட்டிலும் விருந்தாளி. உன் அப்பப்பா அப்படித்தான் வாழ்ந்தார், நானும் இருபத்தொன்பது வருடமாக அப்படித்தான் வாழ்கிறேன். போகிற வீட்டில் சோறு நன்றாக இருக்கும், மரியாதை இருக்கும், முதல் மாதம் இறாலும் நண்டும் உனக்கென்றே வாவியிலிருந்து வரும். ஆனால் ஒன்றைக் கவனமாக இரு. முதல் வாரத்திலேயே உனக்கு ஒரு பெயர் வைப்பார்கள். யாரும் திட்டமிட்டு வைப்பதில்லை. யாராவது ஒரு பகிடி விடுவார், மற்றவர்கள் சிரிப்பார்கள், நீயும் மரியாதைக்குச் சிரிப்பாய். அவ்வளவுதான், அந்தப் பெயர் உன்மேல் ஒட்டிவிடும். பிறகு நீ பட்டம் பெற்றாலும் அதுதான், பதவி பெற்றாலும் அதுதான். எனக்கு வைத்த பெயர் உனக்குத் தெரியும். 'பெட்டி மாப்பிள்ளை.' அது எப்படி வந்தது என்று உன் அம்மாவின் அண்ணன், உன் பெரிய மாமா, ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். என் வாயால் ஒரு தரமும் நீ கேட்டதில்லை.

நான் வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில் விஞ்ஞான ஆசிரியராக நியமனம் பெற்ற புதிதில், ஏறாவூரில் வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் அந்த யப்பான் அம்பிளிஃபயரை வாங்கினேன். முதல் சம்பளங்கள் எல்லாம் அதற்குத்தான் போயின. எங்கள் ஊரில் அப்போது மின்சாரம் இல்லை. உன் அம்மாவைப் பேசியிருந்தார்கள், கல்லடியில் அவள் வீட்டில் மின்சாரம் இருந்தது, அந்த நம்பிக்கையில் வாங்கினேன். ஆறு மாதம் அது சாக்கில் சுற்றியபடி எங்கள் வீட்டு நெல்மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. கலியாணத்தன்று காலையில் அதையும் எடுத்துக்கொண்டு மண்முனைத்துறைக்கு வந்து, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் அந்தப் பெரிய மிதவையில் ஏறினேன். அக்கரையில் சோதனைச் சாவடி. பெட்டியைக் கண்டதும் சிப்பாய்களுக்குச் சந்தேகம். மூடியைக் கழற்று என்றார்கள். திருகாணி கழற்றும் கருவி இல்லை. கத்தி தேடி, மூடி கழற்றி, ஒவ்வொரு பாகமும் என்ன என்று நான் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கலந்து விளக்கி முடிக்க முகூர்த்தம் தாண்டிவிட்டது. வேட்டியில் தூசியும் கையில் பெட்டியுமாக நான் பந்தலுக்குள் வந்தபோது உன் பெரிய மாமா உரக்கச் சொன்னார்: "மாப்பிள வந்திட்டார் கா! பொம்புளைக்குக் கூறை எங்க எண்டு கேட்டா பெட்டியத் தூக்கிக் காட்டுறார்!" பந்தல் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. உப அதிபர் பதவிக்கு என்னைத் தாண்டி என் மாணவன் வயதில் ஒருவரை நியமித்த ஆண்டு, உன் மாமா கேட்டது நினைவிருக்கிறதா? "பெட்டி மாப்பிளைக்குப் பதவி இல்லையாமே?" நான் மறக்கவில்லை. நான் எதையும் மறப்பதில்லை. அது என் குறை என்று உன் அம்மா சொல்வாள். இருக்கட்டும்.

இந்த வீட்டில் என்னுடையது என்று இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதனால் அதை யாரும் தொடக்கூடாது என்று வைத்திருந்தேன். உன்னைத் தவிர. உனக்கு ஏழு வயதிலேயே எந்தக் கம்பி எங்கே போகும் என்று தெரியும். சாப்பாட்டு மேசையில் நான் பழைய வானொலிகளைத் திருத்தும்போது நீ எதிரில் நாற்காலியில் முழங்காலில் நின்று, நிறக்கோடுகளைப் பார்த்து மின்தடைகளின் பெறுமதியைச் சொல்வாய். என் வகுப்பில் உயர்தரம் படித்தவர்கள் தடுமாறியதை நீ வாய்ப்பாடு போலச் சொன்னாய். அதை நான் உன்னிடம் ஒருநாளும் பாராட்டிச் சொல்லவில்லை. பிள்ளைக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது சொல்கிறேன், பிந்திவிட்டது என்றாலும் சொல்கிறேன்.

தங்கச்சி பெரியபிள்ளையாகி அவளுக்குச் சடங்கு வைத்த சாமத்திய வீட்டன்று உனக்குப் பதின்மூன்று வயது. உன் மாமா சிநேகிதர் வீட்டிலிருந்து இன்னும் இரண்டு ஸ்பீக்கர் கொண்டுவந்து, "மருமகன், இதையும் கொழுவி விடுங்க, தெருமுனை வரைக்கும் கேக்கணும்" என்றார். நான் சமையல்காரரோடு நின்றேன். நீ பின்பக்கத்து எழுத்துகளை வாசித்து, இரண்டாவது சோடிக்கென்று இருந்த இடத்தில், சிவப்புக்குச் சிவப்பு கறுப்புக்குக் கறுப்பு என்று பார்த்துக் கொழுவினாய். அரை மணி நேரம் தெருமுனை வரைக்கும் கேட்டது. தங்கச்சியைச் சபைக்குக் கொண்டுவந்து ஆலாத்தி எடுக்கும் நேரம் பார்த்து, பெட்டியிலிருந்து ஒரு வெடிச்சத்தம். பிறகு புகை. பிறகு அமைதி. நான் ஓடிவந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க உன் காதைப் பிடித்துத் திருகினேன். "இவன்ட கை பட்டா ஒண்டும் உருப்படாது!" என்றேன். நீ அழவில்லை. "அப்பா, நான் சரியாத்தான் கொழுவினன்" என்றாய். "வாயப் பொத்து" என்றேன். நீ பொத்திக்கொண்டாய். அதன்பிறகு நீ எந்தக் கருவியையும் தொடவில்லை. விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு வைத்துக்கொண்டு வணிகம் படிக்கப் போனாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் பழங்கதை, விடு என்று நீ சொல்லலாம். நானும் விட்டுத்தான் இருந்தேன், போன மாதம் பெண்வீட்டார் கலியாணப் பேச்சுக்காலுக்கு வரும் வரைக்கும். பேச்சு நடுவில் மின்விசிறி நின்றது. நீ உன்னை அறியாமலே சுவிச்சைப் பார்க்க எழுந்தாய். உன் மாமா இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். "ஐயோ மருமகன், நீங்க இரிங்க கா! இவர் தொட்டா வெடிக்கும். ஒரு நல்ல அம்ப் பெட்டி இவர்ர கையாலதான் செத்தது." பெண்ணின் பெரியம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "அப்ப எங்கட வீட்டுச் சுவிச்சுகளையெல்லாம் ஒளிச்சு வைக்கணும் போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்தபடியே உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டாய். நான் அதைப் பார்த்தேன். எனக்குப் பெயர் வைத்த அதே வாய், உனக்கும் பெயர் வைத்து, நீ போகிற வீட்டுக்கு உனக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டது என்று விளங்கியது. முப்பது வருடம் கழித்தும் செங்கலடியில் ஒரு மின்குமிழ் போனால், "மாப்பிளையக் கூப்பிடாதீங்க, வெடிக்கும்" என்பார்கள். உன் பிள்ளைகளும் அதைக் கேட்டுச் சிரிக்கும்.

அடுத்த கிழமை மாமா பந்தல் போட இடம் பார்க்க வந்தார். பின் விறாந்தையில் தூசி மூடிக் கிடந்த பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்தார். "என்ன மச்சான், இத இன்னும் வச்சிரிக்கீங்க? கோழி அடைகிடக்கவா? பழைய இரும்பு எடுக்கிறவன் நாளைக்கு வாறான், தூக்கிக் குடுத்திருவம். மறுகா விறாந்த முழுக்க நமக்குத்தான்." நான், "தொடாதீங்க மச்சான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் போனதும் திருகாணி கழற்றும் கருவியை எடுத்துவந்து, பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அந்த மூடியைக் கழற்றினேன்.

உள்ளே பல்லி முட்டைகள், தும்பு, உப்புக்காற்று விட்டுச்சென்ற வெள்ளைப் பூச்சு. முதலில் நான் பார்த்தது ஸ்பீக்கர் வழியில் இருக்கும் கண்ணாடி ஃபியூஸ்கள். நீ கம்பியைப் பிழையாகக் கொழுவி இரண்டும் தொடுபட்டிருந்தால் முதலில் போக வேண்டியவை அவைதான். இரண்டும் முழுசாக இருந்தன. மீற்றரை வைத்துப் பார்த்தேன், ஊசி துள்ளியது. பிறகு பாகங்கள் பதித்த சர்க்கியூட் போர்ட்டைக் கழற்றிப் புரட்டினேன். மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கப்பாசிற்றரிலிருந்து வெளியீட்டு ரான்சிஸ்டர்களுக்குப் போகும் தடித்த செப்புக் கோடு, ஒரு விரல் நீளத்துக்கு இல்லை. அந்த இடம் கரியாகி இருந்தது. கரியின் இரண்டு கரையிலும் பச்சைக் களிம்பு. அதற்கு நடுவில் நீலப் பிளாஸ்டிக் உரித்த மெல்லிய தொலைபேசிக் கம்பி ஒன்று அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியை வைத்தவன் நான்.

உனக்குப் பத்து வயதிருக்கும். பெட்டியில் ஓர் உறுமல் கேட்கத் தொடங்கியது. கப்பாசிற்றரை மாற்றினேன். என்னிடம் இருந்தது வாளி ஒட்டுகிற அளவு பெரிய சொல்டரிங் அயன். அளவுக்கு மிஞ்சிச் சூடாக்கியதில் செப்புக் கோடு போர்ட்டை விட்டுத் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு கம்பியை ஒட்ட வேண்டும். யுத்தத்தில் பாதைகள் பூட்டியிருந்த காலம், செப்பில் ஈயம் பிடிக்கத் தடவும் பசை கடையில் இல்லை. இரண்டு கிழமை பொறுத்திருக்கலாம். ஆனால் அடுத்த நாள் உன் மாமா கிரிக்கெட் வர்ணனை கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார், அவருக்கு முன்னால் பெட்டி ஓடாமல் கிடப்பதா? தகரம் ஒட்டுகிறவரிடம் போய் ஒரு குப்பி அமிலம் வாங்கிவந்து, அதைத் தடவி ஈயம் வைத்தேன். அந்த அமிலம் தகரத்துக்கு நல்லது. மெல்லிய செப்புக்கு அது நஞ்சு. துடைத்தாலும் அடியில் தங்கி, வாவியின் ஈரக்காற்றில் மெல்ல மெல்லத் தின்னும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நானே சொல்லித்தந்தேன். அடுத்த நாள் பெட்டி ஓடியது. மாமா கேட்டுவிட்டுப் போனார். நான் வென்றேன். மூன்று வருடம் அமிலம் தின்று முடித்த மிச்சத்தில், நீ நான்கு ஸ்பீக்கரையும் கொழுவினாய். பெட்டி நான்கையும் தாங்கக் கட்டப்பட்டதுதான். என் கம்பிதான் தாங்கவில்லை.

இனி எழுதப்போகிற வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியும் என்றால், கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் புகை வந்த பக்கத்தைப் பார்த்ததுமே அந்த நீலக் கம்பி என் நினைவுக்கு வந்தது. உன் காதைப் பிடித்திருந்த கை பிடித்தபடியே இருக்க, நினைவுக்கு வந்தது. கையை எடுத்திருக்கலாம். எடுத்தால் உன் மாமாவின் முன்னால், நூறு பேர் முன்னால், பட்டதாரி விஞ்ஞான ஆசிரியர் தன் பெட்டியைத் தானே எரித்தார் என்றாகிவிடும். அதனால்தான் மூடியைக் கழற்றவே இல்லை. கழற்றாதவரைக்கும் அது உன் பிழை. உலகத்தில் எனக்கு அநியாயம் செய்தவர்களின் பட்டியல் ஒன்றை நான் மனதில் வைத்திருக்கிறேன், நீ அறிவாய். அந்தப் பட்டியலில் உள்ள ஒருவரும் நான் உனக்குச் செய்ததை எனக்குச் செய்யவில்லை.

போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைக்கவில்லை. "எனக்கு இது அண்டைக்கே தட்டுப்பட்டது" என்றாள். "எப்படி?" என்றேன். "வானொலியில ஒரு சின்னக் கரகரப்புக் கேட்டாலே கழட்டிப் பரப்பிப்போட்டு இரிக்கிற ஆள் நீங்க. அந்தப் பெட்டிய மட்டும் கழட்டவே இல்லயே. ஏனாம்?" நான் போர்ட்டைக் கவிழ்த்து வைத்தேன். "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றாள். திருத்தப் போகிறேன் என்றேன். "திருத்தினாப் போதுமா?" என்று கேட்டுவிட்டுப் புடைக்கத் தொடங்கினாள்.

மகனே, செப்புக் கோடு திருத்தும் வேலை பொறுமையில் பாதி, சுத்தத்தில் பாதி. முதலில் கரியைச் சுரண்ட வேண்டும். கரி மின்சாரத்தைக் கடத்தும், விட்டுவைத்தால் அதன்மேல் எவ்வளவு அழகாகக் கம்பி போட்டாலும் மறுபடியும் அதே இடத்தில் எரியும். சவர அலகால் சுரண்டச் சுரண்டக் கறுப்பு வந்துகொண்டே இருந்தது. போர்ட்டில் பாதித் தடிப்புப் போன பிறகுதான் நல்ல நிறம் தெரிந்தது. அந்தக் குழியை இரண்டு குழாயில் வரும் பசையைக் கலந்து நிரப்பினேன். அமிலத்தை மருந்துக்கடை ஸ்பிரிட்டும் உன் பழைய பல்துலக்கியும் கொண்டு மூன்று நாள் கழுவி, அம்மாவின் செத்தல் மிளகாய்க்குப் பக்கத்தில் வெயிலில் காயவைத்தேன். பிறகு நல்ல செப்பு தொடங்கும் இடம் வரைக்கும் மேற்பூச்சைச் சுரண்டி, இரண்டு முனையிலும் மெல்லிசாக ஈயம் பூசினேன். வீட்டு மின்கம்பியிலிருந்து உரித்த ஒற்றைச் செப்புக் கம்பியை, பழைய கோடு போன வழியிலேயே வளைத்து வளைத்துப் படியவைத்து, வழியில் உள்ள ஒவ்வொரு பாகத்தின் காலிலும் தொட்டு ஒட்டினேன். குறுக்கு வழியில் இழுத்தால் வேலை சுலபம், ஆனால் அங்கேதான் பிறகு உறுமல் வரும். உரிந்துபோன சிறிய கோடுகள் பதினொன்று இருந்தன. அவற்றுக்கு ஈர்க்கை விட மெல்லிய இழைகள். மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுச் செய்தேன். எனக்கு ஐம்பத்தாறு வயது, கை நடுங்கும் என்று பயந்தேன். நடுங்கவில்லை.

சாமான் வாங்கப் புளியந்தீவுக்குப் போனபோது கடைக்காரர் போர்ட்டைப் பார்த்து, "சேர், இதத் தூக்கி எறிஞ்சிட்டுப் புதுசு ஒண்டு எடுங்க. புளூடூத்தும் வரும்" என்றார். என்னிடம் ஓமின் விதி படித்து, அதில் ஒருநாளும் சரியான விடை எழுதாத மாணவன். "தம்பி, உனக்கு நான் பதினெட்டுப் புள்ளி போட்டது இரக்கத்தில" என்றேன். அவன் சிரித்துவிட்டு நல்ல ஈயமாகத் தேடி எடுத்துத் தந்தான். அவன்மேல் இருந்த கோபம் அன்றோடு போயிற்று. பட்டியலில் ஒருவர் குறைந்தார்.

முதல் சோதனை தோற்றது. இப்படியான வேலையில் பெட்டியை நேரே மின்சாரத்தில் கொழுவக் கூடாது, நடுவில் பழைய நூறு வாட் மின்குமிழ் ஒன்றைத் தொடராக வைக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் குமிழ் ஒருமுறை மின்னி மங்கும். எங்கேயாவது கூடாத தொடுப்பு இருந்தால் எரிந்துகொண்டே இருக்கும். எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் தேடினேன். மீற்றர் தொடுப்பு இருக்கிறது என்று சொல்கிறது, எந்த இடம் என்று சொல்லவில்லை. கடைசியில் உன் அம்மா வந்து, "கொண்டாங்க பாப்பம்" என்று போர்ட்டை வாங்கி, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள். அரிசியில் கல் பொறுக்குகிற கண். ஒரு நிமிடம் ஆகவில்லை. "இஞ்ச ஒரு மயிர் கிடக்கு, வெள்ளி மயிர்" என்றாள். இரண்டு காலுக்கு நடுவில் தலைமயிரை விட மெல்லிய ஈயத் தும்பு. பல்துலக்கியால் ஒரு தட்டு. மறுபடியும் கொழுவினேன். குமிழ் ஒருமுறை மின்னியது, மங்கியது, அணைந்தது. "பட்டம் உங்களுக்கு, கண் எனக்கு" என்றாள் அம்மா. ஓம், அப்படித்தான்.

நேற்றுப் பலகாரம் சுடும் நாள். முற்றத்தில் மூன்று தாச்சி, பெண்சனம் நிறைய. கூறைச்சேலை நிறம் காட்டப் பெண்ணின் பெரியம்மாவும் வந்திருந்தார். மாமா நாற்காலியில் இருந்து முறுக்குச் சரியில்லை, பயிற்றம் பணியாரம் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தேன். வேண்டுமென்றே மூடியைப் போடவில்லை. நான்கு ஸ்பீக்கரும் கொழுவினேன், நீ அன்று கொழுவிய அதே முறையில். "பெட்டி மாப்பிள பெட்டியோட வாறார்! புள்ளையளத் தள்ளி இரிக்கச் சொல்லுங்க கா, வெடிக்கப் போகுது" என்றார் மாமா. சிரிப்பு. தங்கச்சி தன் தொலைபேசியை இணைத்து ஏதோ ஒரு பாட்டைப் போட்டாள். சத்தத்தை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். தாச்சிக்குப் பக்கத்தில் இருந்த உன் சின்ன மாமி அகப்பையோடு எழுந்து ஆடத் தொடங்கினாள். அடுத்த வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். வெப்பம் போக்கும் தகட்டில் கையை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடு. மாமாவின் வாயில் பணியாரம் இருந்தது, பேச்சு இல்லை. என் வாழ்க்கையில் நான் கண்ட வெற்றிகளில் இவ்வளவு ருசியானது வேறில்லை என்று ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால், மகன் எரித்ததை அப்பா திருத்தினார் என்று ஊர் சொல்லும். நான் இன்னும் உயர்வேன், நீ இன்னும் தாழ்வாய். பாட்டை நிறுத்தினேன். "எல்லாரும் ஒருக்கா இஞ்ச பாருங்க" என்றேன், வகுப்பில் சொல்வது போல. நீலக் கம்பித் துண்டையும் இரண்டு ஃபியூஸையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "சாமத்திய வீட்டண்டு இந்தப் பெட்டிய எரிச்சது என்ட மகன் இல்ல. நான். பிழையான சாமான் போட்டு ஒட்டினது நான். அவன் கொழுவினது சரி. அவன் சரியெண்டு அண்டைக்கே சொன்னான். எனக்கும் அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அவன்ட காதத் திருகினனான்."

மாமா பணியாரத்தை விழுங்கினார். "அப்ப இவ்வளவு காலமும்?" "இவ்வளவு காலமும் பொய் சொன்னன் மச்சான்." எனக்கு எதிராக இப்படியொரு ஆயுதத்தை நானே அவர் கையில் கொடுப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் அதை வீணாக்கவும் இல்லை. "அப்ப பெட்டி கொண்டுவந்ததும் மாப்பிள, பெட்டியக் கொளுத்தினதும் மாப்பிள! பாவம், என்ட மருமகன்ட காது!" என்றார். முற்றம் அதிரச் சிரித்தது. நானும் சிரித்தேன், மகனே. மரியாதைக்கு அல்ல. பிறகு அவர் குரலைத் தணித்து, "அவனுக்கு நான் ஒரு ஃபோன் கோல் எடுக்கணும்" என்றார். எடுத்தாரா இல்லையா என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். பெண்ணின் பெரியம்மாவிடம் நானே போனேன். "இத நீங்க செங்கலடியில சொல்லணும்" என்றேன். "சொல்லாம? இப்பவே சொல்லுறன்" என்று தொலைபேசியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனவர், அரை மணி நேரம் திரும்பி வரவில்லை. போர்ட்டின் நிறத்தில் இருந்து நான் உன் காதைத் திருகியது வரைக்கும் கையால் நடித்து நடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று காலை உன் மாமனார் எனக்குக் கோல் எடுத்தார். கலியாண விடயம் ஒன்றிரண்டு பேசிவிட்டுத் தயங்கினார். "சம்பந்தி, எங்கட கிணத்து மோட்டர் நாலு நாளாத் தண்ணி எடுக்குதில்ல. ஆளக் கூப்பிடுவமா, இல்ல, மருமகன் வந்தா ஒருக்காப் பாப்பாரா? அவசரம் ஒண்டுமில்ல, வாளி கிடக்குதுதானே" என்றார்.

"மருமகன் வந்து பாப்பார்" என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தேன். அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள். நீ ஒரு மோட்டரையும் திறந்ததில்லை என்று எனக்குத் தெரியும். கலியாணம் முடிந்து நாலாம் நாள், சனம் போன பிறகு, முதலில் மின்சாரத்தை நிறுத்து. பிறகு திற. ஒளித்துச் செய்யாதே, அந்த வீட்டார் எல்லோரும் கிணற்றைச் சுற்றி நின்று பார்க்கட்டும். தண்ணீர் வந்தால் அது உன் கையால் வந்தது. வராவிட்டால், கெட்டுப்போனால், புகை எழும்பினால், அதுவும் உன் கையால் வந்ததாக இருக்கட்டும். நீ செய்யாத பிழையைப் பதினைந்து வருடம் சுமந்துவிட்டாய். இனி நீ செய்கிற பிழை உன்னுடையது. பயமில்லாமல் செய்.

உன் அப்பா